யாருக்காகக் காப்பாற்றினார்கள் இந்த ஸ்தானத்தை?

அமெரிக்காவில் டெமாக்ரடிக் கட்சித் தலைவர்கள் ஒரு பாட்டை விடாமல் பாடி வருகிறார்கள். "எங்களுக்குக் கொள்கையில் குறைவில்லை. வாலிபர்களின் ஆவேசமும் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் எதார்த்தம் என்று ஒன்று உண்டு. ஸ்தானத்தை இழந்தால் எல்லாவற்றையும் இழப்போம். ஆகவே இருப்பவரை அசைக்காதீர்கள்!" இதுதான் பல்லவி.

கேட்பதற்கு நியாயம்போலத்தான் இருக்கிறது. பிற்போக்குக் கும்பல் வாசலில் நிற்கும்போது வீட்டுக்குள் சண்டை எதற்கு என்று நல்ல மனம் படைத்தவர்களும் தலையாட்டுகிறார்கள். இந்தப் பல்லவியின் யோக்கியதை என்ன? ஒரே ஒரு தொகுதியின் கதையை எடுத்துப் பார்த்தால் போதும். அது டெக்ஸாஸ் ராஜ்யத்தின் 28-வது தொகுதி. மெக்ஸிகோ எல்லையில் ரியோ கிராண்டே நதிக்கரையில் இருக்கும் லரேடோ நகரம் அதன் இதயம்.

(காங்கிரஸ் என்று நாம் இங்கே எழுதுவது அமெரிக்கப் பார்லிமெண்டை. வாசகர்கள் கதர்ச் சட்டையையும் கைராட்டையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

எஜமானர் யார்?

லரேடோ வெறும் எல்லை ஊரல்ல. அமெரிக்காவுக்கும் மெக்ஸிகோவுக்கும் இடையே நடக்கும் தரைவழி வியாபாரத்துக்கு அதுதான் தலைவாசல். லாரிகள் இரவு பகலாகப் பாலத்தைத் தாண்டிக்கொண்டே இருக்கின்றன. ஒரு கம்பெனி சீமான் கூட அந்தச் சரக்கில் ஒரு மூட்டையைத் தூக்கியதில்லை. லாரி ஓட்டுவதும், மூட்டை ஏற்றுவதும், கிடங்கில் கணக்கு எழுதுவதும் அந்த ஊர் ஜனங்கள். பெரும்பாலோர் மெக்ஸிகோ வம்சாவளியினர், ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். பரம்பரையாக டெமாக்ரடிக் கட்சிக்கு ஓட்டுப் போட்டு வந்தவர்கள்.

இவர்கள் வாழும் ராஜ்யத்தின் சட்டம் எப்படிப்பட்டது? ஒரு மணி நேர உழைப்புக்குக் குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 சென்ட். 2009-ம் ஆண்டில் அமெரிக்க சர்க்கார் நிர்ணயித்த அந்தத் தொகைக்கு மேல் ஒரு சென்ட் கூட டெக்ஸாஸ் சட்டம் சேர்க்கவில்லை. ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்தை விஸ்தரிக்க மத்திய சர்க்கார் பணம் தருகிறோம் என்றபோதும் டெக்ஸாஸ் ஆட்சியாளர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். நோய் வந்தால் காட்ட இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களின் விகிதத்தில் அமெரிக்க ராஜ்யங்களிலேயே டெக்ஸாஸ்தான் பல ஆண்டுகளாக முதலிடம். தொழிற்சங்கத்தின் கழுத்தை நெரிக்க 1947-லேயே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "வேலை செய்யும் உரிமை"! நூறு தொழிலாளரில் ஐந்து பேர் கூட அங்கே சங்கத்தில் இல்லை என்றால் அந்த "உரிமை" யாருடைய உரிமை என்பது விளங்கும்.

இந்த ஜனங்களின் பிரதிநிதியாக 2005 ஜனவரியிலிருந்து காங்கிரஸில் உட்கார்ந்திருப்பவர் ஹென்றி குவெயர். கட்சி டெமாக்ரடிக். ஆனால் 2000-ம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் இவர் ஆதரித்தது ரிபப்ளிகன் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷை! மறு ஆண்டு ரிபப்ளிகன் கவர்னர் ரிக் பெர்ரி இவரை டெக்ஸாஸ் ராஜ்யச் செயலாளராக நியமித்தார். 2018-ல், டெக்ஸாஸின் வேறொரு தொகுதியில் ரிபப்ளிகன் உறுப்பினரை எதிர்த்துச் சொந்தக் கட்சியின் அபேட்சகர் போராடிக்கொண்டிருந்தபோது, இவர் நிதி திரட்ட உதவியது அந்த ரிபப்ளிகனுக்கு.

காங்கிரஸில் இவர் கை உயர்த்திய லட்சணத்தைப் பாருங்கள். 2021 மார்ச்சில் தொழிலாளர் சங்க உரிமைப் பாதுகாப்பு மசோதா ஒன்று பிரதிநிதி சபைக்கு வந்தது. இதைப் பற்றி நாம் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமது வாசகர்களில் பெரும்பாலோர் சங்கத்தில் இருப்பவர்கள். இதன் அருமை அவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் சங்கம் சேர்க்க முயன்ற தொழிலாளியை முதலாளி வேலையிலிருந்து விரட்டினால், அது சட்டவிரோதம்தான். ஆனால் தண்டனை? அபராதம் என்று ஒரு காசு கிடையாது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, தொழிலாளி ஜெயித்தால், இழந்த சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். அதிலும் இடையில் அவர் வேறெங்காவது கூலி வேலை செய்து சம்பாதித்ததைக் கழித்துக்கொள்ளலாம்! எந்த முதலாளிக்கு இது சுமை? ஸ்டிரைக் செய்தால், செய்தவர்களின் இடத்தில் நிரந்தரமாகவே புது ஆட்களை வைத்துக்கொள்ளலாம் என்று 1938-ல் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பு இன்னும் தொழிலாளியின் தலைமேல் தொங்குகிறது. வேலை நேரத்தில் எல்லோரையும் ஒரு ஹாலில் அடைத்து வைத்து, சங்கத்துக்கு எதிராக மணிக்கணக்கில் முதலாளியின் ஆட்கள் பிரசங்கம் செய்வது அங்கே வாடிக்கை. இந்த அக்கிரமங்களுக்கு முடிவு கட்டவும், டெக்ஸாஸில் இருப்பது போன்ற சங்க விரோதச் சட்டங்களின் பல்லைப் பிடுங்கவும் வந்ததுதான் அந்த மசோதா.

ஐந்து ரிபப்ளிகன்கள் கூட அதை ஆதரித்தார்கள். டெமாக்ரடிக் கட்சியில் எதிர்த்து ஓட்டளித்தவர் ஒரே ஒருவர். அவர் ஹென்றி குவெயர்!

அதே ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி டெக்ஸாஸில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. ஆறு வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்புச் செய்ய உதவும் எவர் மீதும், எந்த வழிப்போக்கனும் வழக்குப் போடலாம். ஜெயித்தால் குறைந்தது பத்தாயிரம் டாலர் பரிசு! டாக்டர் மீது மட்டுமல்ல, வண்டியில் அழைத்துப் போனவர் மீதும் பாயக்கூடிய சட்டம். பெண்களின் உரிமையை நாடு முழுவதும் காக்க அதே மாதம் 24-ந் தேதி பிரதிநிதி சபையில் மசோதா வந்தது. 218-க்கு 211 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்த ஒரே டெமாக்ரட் யார்? மறுபடியும் குவெயர்தான்.

எண்ணெய்க் கம்பெனிகளும் தனியார் சிறைக் கம்பெனிகளும் இவருடைய தேர்தல் நிதிக்கு வாரி வழங்கியதில் ஆச்சரியம் உண்டா? (ஆமாம், அமெரிக்காவில் சிறைச்சாலையும் லாபத்துக்கு நடத்தும் வியாபாரம். எல்லையில் பிடிபடும் ஏழைகளை அடைத்து வைத்துத் தலைக்கு இத்தனை என்று சர்க்காரிடம் பணம் வாங்குகிறார்கள்.)

வாலிப வக்கீல் வந்தார்

இந்த மனிதரை எதிர்த்து 2019-ல் கிளம்பினார் ஜெஸிக்கா ஸிஸ்னெரோஸ். லரேடோவில் பிறந்து வளர்ந்தவர். மெக்ஸிகோவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள். நாடு கடத்தப்படும் அபாயத்தில் இருக்கும் குடியேறிகளுக்காக வாதாடிய வக்கீல். முதல் தேர்தலின்போது வயது 26. இதில் ஒரு வேடிக்கை: கல்லூரி நாட்களில், 2014-ல், வாஷிங்டனில் இதே குவெயரின் ஆபீசில் பயிற்சி ஊழியராக வேலை பார்த்தவர் இவர். உள்ளே இருந்து பார்த்தவர் வெளியே வந்து எதிர்த்தார்!

அவர் கேட்டது என்ன? எல்லோருக்கும் சர்க்கார் மருத்துவ இன்ஷூரன்ஸ். மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி. சங்கம் சேரும் உரிமை. பெண்ணுக்குத் தன் உடல் மீது உரிமை. கம்பெனிகளின் அரசியல் நிதிக் குழுக்களிடம் பணம் வாங்கமாட்டேன் என்றும் அறிவித்தார். இதில் புரட்சி எங்கே இருக்கிறது? ஐரோப்பாவின் பல நாடுகளில் வலதுசாரிக் கட்சிகளும் சர்க்கார் வைத்தியத்தைத் தொடத் துணிவதில்லை. ஆனால் அமெரிக்காவில் இதைக் கேட்டால் "தீவிரவாதி!"

போட்டி நடந்தது பூர்வாங்கத் தேர்தலில். அதாவது, கட்சியின் அபேட்சகர் யார் என்பதைக் கட்சிக் கமிட்டி தீர்மானிப்பதில்லை. ஓட்டர்களே ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். காகிதத்தில் மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஓட்டர்களின் கையைக் கட்ட எத்தனை தந்திரங்கள்!

2018 ஜூனில் நியூயார்க்கில் ஒரு விபரீதம் நடந்திருந்தது. மதுக்கடையில் பரிமாறும் வேலை பார்த்த அலெக்ஸாண்ட்ரியா ஒகாஸியோ-கார்டெஸ் என்ற 28 வயதுப் பெண், பத்து முறை காங்கிரஸுக்குப் போன, கட்சித் தலைமையில் நான்காம் இடத்தில் இருந்த ஜோ கிரௌலியை மண்ணைக் கவ்வ வைத்தார். சீமான்களுக்கு அன்றே தூக்கம் போயிற்று. 2019 மார்ச்சில் கட்சியின் காங்கிரஸ் தேர்தல் கமிட்டி ஒரு விதி போட்டது. பதவியில் இருக்கும் உறுப்பினரை எதிர்ப்பவருக்கு எந்தப் பிரச்சாரக் கம்பெனியாவது, கருத்துக் கணிப்பாளராவது, நோட்டீஸ் அச்சிடுபவராவது வேலை செய்தால், அவருக்குக் கட்சி வேலை கிடையாது! ஜாதிக் கட்டுப்பாடு போட்டு ஊர்க் கிணற்றை மறிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கூச்சல் கிளம்பிய பிறகு 2021-ல்தான் அந்த விதியைக் கைவிட்டார்கள். அதற்குள் ஸிஸ்னெரோஸின் முதல் தேர்தல் முடிந்துவிட்டது.

அந்த முதல் தேர்தல் நடந்தது 2020 மார்ச் 3-ந் தேதி. டெக்ஸாஸ் ஏ.எப்.எல்.-சி.ஐ.ஓ. தொழிற்சங்க சம்மேளனம் ஸிஸ்னெரோஸை ஆதரித்தது. பதவியில் இருப்பவரை விட்டுவிட்டுச் சங்கத் தலைமை எதிராளியை ஆதரிப்பது அமெரிக்காவில் சாதாரணமாக நடக்கும் காரியமல்ல. எதிர்ப்பக்கம் யார்? அமெரிக்க வர்த்தகச் சங்கம், அதாவது முதலாளிகளின் தலைமைச் சங்கம், குவெயருக்காக இரண்டு லட்சம் டாலருக்கு விளம்பரம் செய்தது. எண்ணெயிலும் ரசாயனத்திலும் கோடி கோடியாகக் குவித்த கோக் குடும்பத்தின் பணத்தால் வளர்ந்த ஸ்தாபனமும், ரிபப்ளிகன் கட்சியின் முதுகெலும்பான அதுவும், இந்த "டெமாக்ரட்"டுக்காக வேலை செய்தது. இவர்களோடு தோளோடு தோள் நின்றவர் யார் தெரியுமா? டெமாக்ரடிக் கட்சியின் சபாநாயகர் நான்ஸி பெலோஸி! பிப்ரவரியில் லரேடோவுக்கே நேரில் வந்து குவெயருக்கு ஓட்டுக் கேட்டார்.

முதலாளிச் சங்கம் ஒரு மேடையில், தொழிலாளர் சங்கம் எதிர் மேடையில். தொழிலாளர் கட்சி என்று மார் தட்டும் கட்சியின் தலைவி எந்த மேடையில் ஏறினார் என்பதை வரலாறு எழுதி வைத்துவிட்டது.

ஸிஸ்னெரோஸ் தோற்றார். சுமார் 2,700 ஓட்டு வித்தியாசம்.

289

அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. 2022-ல் மறுபடியும் வந்தார். ஜனவரி 19-ந் தேதி குவெயரின் வீட்டில் எப்.பி.ஐ. போலீஸார் சோதனை நடத்தினர். எதற்காக என்று அப்போது சொல்லப்படவில்லை. குவெயர் தாம் நிரபராதி என்றார். விசாரணை தம்மைக் குறி வைத்ததல்ல என்று அவருடைய வக்கீல் பின்னர் அறிவித்தார். மார்ச் 1-ந் தேதி ஓட்டெடுப்பில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. மே 24-ந் தேதி மறு சுற்று என்று ஆயிற்று.

இந்த இடைவெளியில்தான் கபட நாடகத்தின் உச்சக் காட்சி. மே 2-ந் தேதி, கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்யும் சுப்ரீம் கோர்ட்டின் நகல் தீர்ப்பு பத்திரிகையில் வெளியாகிவிட்டது. நாடே கொந்தளித்தது. டெமாக்ரடிக் தலைவர்கள் மைக் முன்னால் கண்ணீர் சிந்தினார்கள். "பெண்களின் உரிமையைக் காக்க எங்களுக்கு ஓட்டளியுங்கள், நிதி அனுப்புங்கள்" என்று கடிதங்கள் பறந்தன. இரண்டே நாள் கழித்து, மே 4-ந் தேதி, கட்சியின் மூன்றாவது பெரிய தலைவரான ஜேம்ஸ் கிளைபர்ன் ஸான் அன்டோனியோவுக்கு விமானம் ஏறி வந்தார். எதற்கு? பெண்களின் உரிமைக்கு எதிராக ஓட்டளித்த ஒரே டெமாக்ரட்டுக்கு ஓட்டுக் கேட்க! பெலோஸியின் குரலைப் பதிவு செய்து வீட்டுக்கு வீடு டெலிபோனில் ஒலிக்கச் செய்தார்கள். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்று நம் ஊரில் சொல்வார்கள். இவர்கள் கிள்ளியதும் பகிரங்கமாக, ஆட்டியதும் பகிரங்கமாக!

இஸ்ரேல் சர்க்காருக்கு ஆதரவு திரட்டும் ஐபாக் ஸ்தாபனத்தின் தேர்தல் நிதிக் குழு மட்டும் இந்த ஒரு தொகுதியில் குவெயருக்காகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொட்டியது. லரேடோவின் லாரி டிரைவருக்கும் டெல் அவீவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்.

முடிவு: குவெயர் 22,901. ஸிஸ்னெரோஸ் 22,612. மறு எண்ணிக்கைக்குப் பிறகு வித்தியாசம் 289 ஓட்டு.

நாம் தேர்தல் வேலை செய்தவர்கள். ஓட்டர் ஜாபிதாவை மடியில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தவர்கள். 289 ஓட்டு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். நான்கு தெரு. ஒரு மில் ஷிப்ட். மழை பெய்து ஒரு சேரிக்குப் போகும் பாதை முழங்கால் சேறாகிவிட்டால் போகிற ஓட்டு. பெலோஸி அந்த டெலிபோனைக் கையில் எடுக்காமல் சும்மா இருந்திருந்தால் போதும். ஆதரிக்கக்கூட வேண்டாம், சும்மா இருந்திருந்தால்! அந்தப் பெண் இன்று காங்கிரஸில் இருந்திருப்பார் என்று நாம் துணிந்து சொல்லுவோம்.

ஓட்டெடுப்பு நடந்த அதே மே 24-ந் தேதி, அதே தெற்கு டெக்ஸாஸில் உவால்டே என்ற ஊரின் ஆரம்பப் பள்ளிக்குள் ஒருவன் யுத்தகளத் துப்பாக்கியுடன் புகுந்து 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றான். இரண்டு மாதம் கழித்து, ஜூலை 29-ந் தேதி, அத்தகைய துப்பாக்கிகளின் விற்பனையைத் தடை செய்யும் மசோதா பிரதிநிதி சபைக்கு வந்தது. எதிர்த்து ஓட்டளித்த ஐந்து டெமாக்ரட்டுகளில் ஒருவர் குவெயர். அதற்குச் சில நாள் முன்பு பெண்கள் உரிமை மசோதா மீண்டும் வந்தபோதும் எதிர்த்த ஒரே டெமாக்ரட் அவரே. காப்பாற்றியவர்களுக்கு அவர் காட்டிய நன்றி இது.

"இருப்பவரைக் காப்பது விதி"யாம்!

தலைவர்களின் வக்கீல்கள் இப்போது வாய் திறக்கிறார்கள். "பெலோஸிக்குக் குவெயர் மீது தனிப்பட்ட பிரியம் ஏதுமில்லை. பதவியில் இருக்கும் உறுப்பினரை ஆதரிப்பது தலைமையின் பொது விதி. விதி எல்லோருக்கும் ஒன்று" என்கிறார்கள்.

அப்படியா? 2020-ல் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் செனட்டராக இருந்தவர் எட் மார்க்கி. ஒகாஸியோ-கார்டெஸுடன் சேர்ந்து, சுற்றுப்புறத்தையும் வேலைவாய்ப்பையும் ஒருசேரக் காக்கும் திட்டத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர். அவரை எதிர்த்துக் கென்னடி குடும்பத்து வாரிசு ஒருவர் நின்றார். அப்போது பெலோஸி யாரை ஆதரித்தார்? பதவியில் இருந்த மார்க்கியையா? இல்லை! எதிர்த்து நின்ற கென்னடியை! (கென்னடி தோற்றார் என்பது வேறு விஷயம்.) எங்கே போயிற்று அந்தப் பொது விதி? விடுமுறையில் போயிருந்ததா?

2024-ல் நியூயார்க்கில் ஜமால் போமன் என்ற பள்ளித் தலைமையாசிரியர் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தார். காஸாவில் குண்டு போடுவதை நிறுத்து என்று பேசினார். அவரைத் தோற்கடிக்க ஐபாக்கின் நிதிக் குழு ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது. அமெரிக்கப் பிரதிநிதி சபைக்கான பூர்வாங்கத் தேர்தல்களில் அதுவரை அவ்வளவு பணம் புரண்டதே கிடையாது. ஹில்லாரி கிளிண்டன் பதவியில் இருந்தவரை ஆதரிக்கவில்லை; எதிர்த்து நின்றவரை ஆதரித்தார். கட்சித் தலைமை போமனுக்குப் பெயரளவில் ஆதரவு என்று ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. கிளைபர்ன் ஸான் அன்டோனியோவில் காட்டிய சுறுசுறுப்பு அங்கே யாரிடமும் காணோம்.

இன்னொரு சங்கதியையும் சொல்லிவிடுவோம். குவெயர் காங்கிரஸுக்குள் நுழைந்தது எப்படி? 2004-ல், பதவியில் இருந்த ஸிரோ ராட்ரிகஸ் என்ற டெமாக்ரட்டைப் பூர்வாங்கத் தேர்தலில் எதிர்த்து நின்று! முதல் எண்ணிக்கையில் பின்தங்கி, மறு எண்ணிக்கையில் முந்தி, 58 ஓட்டில் ஜெயித்தார். இருப்பவரை எதிர்ப்பது துரோகம் என்றால், அந்தத் துரோகத்தின் வழியாக வந்தவர்தான் இவர். ராட்ரிகஸ் இவரை விட முற்போக்கானவர். வலப்பக்கத்திலிருந்து வந்து அவரைத் தள்ளினார். வலப்பக்கத்திலிருந்து தள்ளினால் சாமர்த்தியம். இடப்பக்கத்திலிருந்து தள்ளினால் கட்சி விரோதம்!

ஸ்தானம் மிஞ்சியது, ஜனங்கள்?

எதிரிகளின் வாதத்தில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் எடை உண்டு. அதை நாம் ஒளிக்கப் போவதில்லை. 2024 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் இந்த 28-வது தொகுதியில் டிரம்ப் முந்தினார். அதே நாளில் அதே தொகுதியில் குவெயரும் ஜெயித்தார். "பார்த்தீர்களா! எல்லை ஜனங்கள் பழமைப் போக்கினர். இவரைப் போன்றவர்தான் இங்கே ஜெயிக்க முடியும். அந்தப் பெண் நின்றிருந்தால் ஸ்தானம் ரிபப்ளிகனுக்குப் போயிருக்கும்" என்கிறார்கள்.

குவெயர் ஓட்டு வாங்கத் தெரிந்தவர் என்பது உண்மை. இருபது வருஷமாகக் கல்யாணம் கருமாதி ஒன்று விடாமல் போய் வருகிறவர். மத்திய சர்க்கார் பணத்தைத் தொகுதிக்கு வாங்கி வருகிறவர். இதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தொகுதியின் பிற புள்ளிகளையும் பார்க்கட்டும். ஸ்டார் ஜில்லா என்று ஒன்று இந்தத் தொகுதிக்குள் இருக்கிறது. ஏழைகள் நிறைந்த ஜில்லா. 2016-ல் ஹில்லாரி கிளிண்டனுக்கு அங்கே நூற்றுக்கு 79 ஓட்டு. 2020-ல் பைடனுக்கு 52. 2024-ல் டிரம்புக்குச் சுமார் 58! நூறு ஆண்டுக்கு மேல் ஒரு ரிபப்ளிகன் ஜனாதிபதி அபேட்சகரும் ஜெயிக்காத ஜில்லா அது. லரேடோ இருக்கும் வெப் ஜில்லாவிலும் டிரம்ப் முந்திவிட்டார்.

எட்டு ஆண்டுகளில் நடந்த இந்தச் சரிவுக்கு யார் பொறுப்பு? விலைவாசி, எல்லைப் பிரச்சினை, பைடன் ஆட்சியின் குறைகள் என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் அந்த எட்டு ஆண்டுகளும் அங்கே டெமாக்ரடிக் கட்சியின் முகமாக இருந்தவர் குவெயர்தானே? எண்ணெய் வயல் வேலை போய்விடும், எல்லைப் போலீஸ் வேலை போய்விடும் என்று ஸிஸ்னெரோஸுக்கு எதிராகக் குவெயரின் பக்கத்தில் கிளப்பிய பீதியும் டிரம்ப் கிளப்பிய பீதியும் ஒரே குரலல்லவா? டெமாக்ரடிக் மேடையிலிருந்தே ரிபப்ளிகன் பிரசங்கத்தைக் கேட்டுப் பழகிய ஜனங்கள், நகல் எதற்கு, அசலுக்கே போடலாம் என்று போய்விட்டார்கள். ஆள் தெரிந்தவர் என்பதற்காக அவருக்கு ஒரு ஓட்டு; கட்சிக்கு இல்லை.

ஸிஸ்னெரோஸ் நின்றிருந்தால் 2022 நவம்பரில் ஜெயித்திருப்பாரா? நிச்சயம் என்று அடித்துச் சொல்ல நாம் ஜோசியர் அல்ல. நமக்குத் தெரிவது இதுதான்: தோற்றுவிடுவார் என்று சொன்னவர்கள், அவர் ஜெயித்துவிடக்கூடாது என்பதற்கல்லவா பணத்தைக் கொட்டினார்கள்! வர்த்தகச் சங்கத்துக்கு ரிபப்ளிகன் ஜெயிப்பதில் என்ன கவலை?

இடதுபுறத்திலிருந்து ஒரு கேள்வி

வேறொரு தரப்பும் இருக்கிறது. "முதலாளிகளின் கட்சிக்குள் நுழைந்து ஸ்தானம் பிடிக்கப் போனதே முட்டாள்தனம். அந்தப் பெண் ஜெயித்திருந்தாலும் ஒகாஸியோ-கார்டெஸைப் போல மெல்ல மெல்லப் பழக்கி விட்டிருப்பார்கள். 2022 நவம்பர் இறுதியில் ரயில்வே தொழிலாளர் மீது ஒப்பந்தத்தைத் திணித்து ஸ்டிரைக்கைத் தடுத்த மசோதாவுக்கு ஒகாஸியோ-கார்டெஸும் கை உயர்த்தவில்லையா?" என்று கேட்கிறார்கள்.

உயர்த்தினார். அது கண்டிக்க வேண்டிய காரியம். நோய் லீவு கேட்ட ரயில் தொழிலாளியிடம், முதலில் ஸ்டிரைக் உரிமையைப் பிடுங்கிக்கொள்கிறோம், லீவுக்குத் தனி மசோதா கொண்டுவருகிறோம் என்று சொன்னார்கள். எதிர்பார்த்தபடியே லீவு மசோதா செனட்டில் செத்தது. இதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது.

ஆனால் அதிலிருந்து "லரேடோவில் நடந்தது வீண்" என்ற முடிவுக்குத் தாவுவது நியாயமில்லை. டெக்ஸாஸில் கட்சி ஓட்டர் என்று தனிப் பதிவு கிடையாது. எந்த ஓட்டரும் எந்தக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். ஆகவே பெயர்தான் டெமாக்ரடிக் தேர்தல். லரேடோ உழைப்பாளிக்கு அது தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கக் கிடைத்த உண்மையான வாய்ப்பு. அந்தக் களத்தை முதலாளிச் சங்கம் இரண்டு லட்சம் டாலர் கொடுத்துப் பிடிக்க வரும்போது, தொழிலாளி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தூர நிற்க வேண்டுமா?

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. அந்தத் தொகுதியில் ஜனத்தொகை ஏழரை லட்சத்துக்கு மேல். மறு சுற்றில் ஓட்டுப் போட்டவர்கள் மொத்தம் சுமார் 45,500. நூறு பேருக்கு ஆறு பேர்! குழந்தைகளையும் பிரஜா உரிமை இல்லாதவர்களையும் கழித்தாலும் இது படுமோசம். தேர்தலுக்கு 30 நாள் முன்பே காகிதத்தில் பதிவு செய்தாக வேண்டும். தபால் ஓட்டு கிழவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இன்னும் சிலருக்கும்தான். ஓட்டெடுப்பு நாளோ வேலை நாள். மணிக் கூலிக்கு லாரியில் சரக்கேற்றுகிறவர் மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமையில், அதுவும் கட்சிக்குள் நடக்கும் மறு சுற்றுக்கு, கூலியை இழந்து வருவாரா? அவரைக் கூட்டி வர ஓர் ஸ்தாபனம் வேண்டும். வெளியூரிலிருந்து ஆறு வாரத்துக்கு வந்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போகும் தொண்டர்கள் நல்லவர்கள், தியாகிகள். ஆனால் கிடங்குக்குள் தினமும் அவரோடு நின்று மூட்டை தூக்குகிற சங்கத் தோழர் செய்யக்கூடிய வேலையை அவர்களால் செய்ய முடியாது. நூற்றுக்கு ஐந்து பேர் கூடச் சங்கத்தில் இல்லாத ராஜ்யத்தில் அந்தத் தோழர் எங்கிருந்து வருவார்? இந்த நிலையை மாற்ற வந்த மசோதாவைத்தான் குவெயர் தனியாளாக எதிர்த்தார் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

மன்னிப்பு

எப்.பி.ஐ. சோதனையின் காரணம் 2024 மே மாதம் வெளியாயிற்று. அஸர்பைஜான் சர்க்காருக்குச் சொந்தமான எண்ணெய்க் கம்பெனியிடமிருந்தும் மெக்ஸிகோ நகரத்து பாங்கி ஒன்றிடமிருந்தும் சுமார் ஆறு லட்சம் டாலர் லஞ்சம் பெற்றதாகக் குவெயர் மீதும் அவர் மனைவி மீதும் அமெரிக்க நீதி இலாகா குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. இருவரும் குற்றத்தை மறுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் எல்லாம் குற்றவாளி அல்ல. அது கோர்ட்டில் தீர வேண்டிய விஷயம். ஆனால் 2023-ல் செனட்டர் மெனண்டெஸ் மீது லஞ்ச வழக்கு வந்தபோது, டெமாக்ரடிக் செனட்டர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தீர்ப்புக்குக் காத்திராமல் ராஜினாமா கேட்டார்கள். குவெயர் விஷயத்தில் கட்சித் தலைமை ராஜினாமா கேட்கவில்லை. கட்சி விதிப்படி ஒரு சப்கமிட்டித் தலைமையை மட்டும் அவர் விட்டுக்கொடுத்தார்.

வழக்கு கோர்ட்டில் தீரவும் இல்லை. விசாரணை தொடங்கும் முன்பே, 2025 டிசம்பர் 3-ந் தேதி, ஜனாதிபதி டிரம்ப் குவெயருக்கும் மனைவிக்கும் முழு மன்னிப்பு வழங்கிவிட்டார். மன்னிப்புக் கிடைத்த கையோடு குவெயர் 2026 தேர்தலுக்கு டெமாக்ரடிக் அபேட்சகராகவே மனுத் தாக்கல் செய்தார். கட்சி மாறுவார் என்று எதிர்பார்த்திருந்த டிரம்ப், விசுவாசமில்லாத ஆள் என்று நாலு நாள் கழித்துப் பகிரங்கமாகப் பொருமினார்.

சாட்சிகள் இனிக் கூண்டில் ஏறப் போவதில்லை. ஆறு லட்சம் டாலர் கணக்கு உண்மையா பொய்யா என்று லரேடோ ஜனங்கள் கோர்ட்டில் கேட்கப் போவதுமில்லை. 2022 மே மாதத்தில் அந்த ஜனங்களின் டெலிபோனில் பேசி ஓட்டுக் கேட்டவர்கள், இப்போது அதே டெலிபோனில் கூப்பிட்டு விளக்கம் சொல்லட்டும்.